முதல் கேள்வி: பொருள் எங்கே போகும்?

இந்த ஆண்டு தீபாவளிக்கு எந்த வீட்டுக்குப் போனாலும், முறுக்குத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வார்த்தையாக ஒன்றைத்தான் கேட்டார்கள். "உங்க மியூசியம் இன்னும் தகரத் தட்டிக்குள்ளயே கெடக்கே, எப்பதான் திறக்கப் போறீங்க?" பட்டர்வொர்த்தில் பெரியம்மா கேட்டார், ஆயர் ஈத்தாமில் எனக்குப் பாடம் எடுத்த டீச்சர் கேட்டார், நாசி கண்டார் கடையில் கறி ஊற்றுகிற தம்பிகூடக் கேட்டுவிட்டான். எல்லோரிடமும் "அடுத்த வருசம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மைதான். ஆனால் ஏன் இத்தனை வருடம் என்பதை ஒரு வாய் முறுக்குக்குள் சொல்லி முடிக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஓர் அருங்காட்சியகத்தின் கட்டடப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் பாயான் லெப்பாஸ் பக்கம் அடுக்குமாடி கட்டும் வேலையில் இருந்தேன். அங்கே வேலை நேராகப் போகும்: நிலத்தைக் காலி செய், பைலிங் அடி, மாடி மாடியாக ஏற்று, சாவியைக் கொடு. இங்கே வந்த முதல் மாதம், ஒழுகுகிற கூரையைச் சரிசெய்ய மூன்று நாள் போதும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பொருள் பராமரிப்புப் பிரிவின் தலைவி, மலாய்க்காரர், எங்கள் எல்லோருக்கும் அவர் 'காக்'தான், மலாயில் அக்கா. தாளை முழுசாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கூரையைத் திறக்கிற அந்த மூணு நாளும் கீழே இருக்கிற பொருள் எல்லாம் எங்கே போகும்?" என்னிடம் பதில் இல்லை. அந்த வேலை கடைசியில் ஏழு வாரம் எடுத்தது. கூரைக்கு மூன்று நாள்தான், மீதி எல்லாம் பொருளுக்கு. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எண் போட்டு, பொதிந்து, வேறு அறைக்குக் கொண்டுபோய், அந்த அறையில் ஏற்கெனவே இருந்ததை இன்னோர் இடத்துக்கு நகர்த்தி, அப்புறம் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்து வைத்து. நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டதெல்லாம் காக் கேட்ட அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்ததுதான்.

வளாகத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். ரோட்டைப் பார்த்தபடி இரண்டு மாடிப் பழைய பங்களா, அதுதான் காட்சிக்கூடம். அதன் இடப்பக்கம் ஒட்டினாற்போல மூன்று கடைவீடுகள், நீளமாக, குறுகலாக, நடுவில் வானம் பார்த்த முற்றத்தோடு. பின்னால், ஒரு காலத்தில் கார் கொட்டகையாக இருந்து, கதவு வைத்து அடைத்துக் கிடங்காகிப்போன ஒரு கட்டடம். எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு வெளி, அதில் பெரிய தூங்குமூஞ்சி மரம். பின்பக்கம் ஒரு சந்து. மொத்தமும் சேர்ந்து ஓர் ஏக்கர்கூட வராது. ஆனால் 2008 ஜூலை 7-ல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜார்ஜ்டவுனின் 109.38 ஹெக்டேர் மைய வட்டாரத்துக்குள் இருக்கிறோம். அதைச் சுற்றி இன்னொரு 150.04 ஹெக்டேர் காப்பு வட்டாரம் இருக்கிறது. 2016-ல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் இங்கே எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று கட்டடம் கட்டடமாகப் பிரித்துச் சொல்கிறது. புதிதாகக் கட்டினாலும் 18 மீட்டருக்கு மேல் உயர்த்த முடியாது. பக்கத்தில் விரிய இடம் இல்லை. கீழே தோண்டினால் நான்கு அடியில் தண்ணீர். ஆக, இருப்பதை இடம் மாற்றி இடம் மாற்றித்தான் நாங்கள் எதையும் செய்ய முடியும்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. அந்த ராத்திரி பினாங்கில் இருந்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். விடாத மழை, மரம் முறிக்கிற காற்று. நடுச்சாமத்துக்கு மேல் எங்கள் காவலர் அங்கிள் போன் செய்தார். "தங்கச்சி, கிடங்குக்குள்ள தண்ணி ஏறுது. கதவு வழியா வரல, தரையில இருக்கிற சாக்கடை வாயிலேருந்து பொங்கி வருது." ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்ததால் நான் போய்ச் சேர விடிந்துவிட்டது. வெளியே கால்வாய் நிரம்பி, போக வழியில்லாத தண்ணீர் குழாய் வழியே பின்வாங்கி உள்ளே எழும்பியிருந்தது. கதவுக்கு மணல் மூட்டை அடுக்கியிருந்தோம், அது ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது, தண்ணீர் அதற்கு உள்பக்கம் நின்றது. அந்தக் காட்சி எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. கார் கொட்டகையாக இருந்தபோது வண்டி கழுவிய தண்ணீர் ஓட வைத்த வாய் அது. கிடங்காக மாற்றியபோது யாரும் அதை அடைக்கவில்லை, திரும்பி வராமல் தடுக்கிற வால்வும் வைக்கவில்லை.

கீழ்த்தட்டில் இருந்தவை பேரேடுகள். பினாங்கு ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்த ஒரு செட்டியார் குடும்பம், தங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வைத்திருந்து எங்களுக்குக் கொடுத்தது. நாற்பத்திரண்டு புத்தகம், அவற்றில் பத்தொன்பது நனைந்துவிட்டன. இந்த ஊர் வெக்கையில் நனைந்த தாள் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, பூஞ்சை பிடித்துவிடும். உறைய வைத்தால் நேரம் கிடைக்கும். எங்களிடம் உறைபெட்டி இல்லை. சூலியா ஸ்ட்ரீட்டில் தெரிந்த கடைக்காரரிடம் ஓடினேன்.

"பாய், உங்க ஃப்ரீசர்ல இடம் இருக்கா?"

"எத்தனை கோழிம்மா?"

"கோழி இல்ல பாய், புத்தகம். பழைய கணக்குப் புத்தகம்."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பெட்டியை முழுசாகக் காலி செய்து, துடைத்து, "எவ்வளவு நாள் வேணுமோ வச்சுக்கோங்க" என்றார். அடுத்த ஏழு மாதம் அந்த ஃப்ரீசர் பேரேடுகளுக்குத்தான் இருந்தது. வாரத்துக்கு ஒன்றாக எடுத்து, தாளுக்குத் தாள் உறிஞ்சு தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் காக் உலர்த்தினார். முதல் புத்தகம் திறந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். தலைப்பில் பிள்ளையார் சுழி, அதன் கீழே தமிழ் எண்களில் பற்றும் வரவும், ௧, ௨, ௩ என்று நெருக்கி எழுதிய வரிசை. தண்ணீர் ஏறிய அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு, பக்கத்தின் மூலையிலிருந்து சாய்வாக. பதினாறு புத்தகங்கள் பிழைத்தன. மூன்றின் தாள்கள் ஒட்டிப்போய்ச் செங்கல்லைப் போல ஆகிவிட்டன, அவற்றைத் திறக்க இன்னும் எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. அந்த மூன்றையும் ஒரு சாக்கடை வாய்க்குப் பறிகொடுத்தோம் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு பணம் வந்தது. பணம் வந்ததும் எல்லோருக்கும் முன்வாசல்தான் கண்ணில் பட்டது. நாங்கள் அமர்த்திய ஓர் ஆலோசனை நிறுவனம் அழகான படங்களோடு வந்தது. வெளி முழுக்கக் கண்ணாடிக் கூரை, பங்களாவின் பின்கட்டில் காப்பிக் கடை, கடைவீடுகளில் நினைவுப்பொருள் கடை. கிடங்கு? அது "மூன்றாம் கட்டம்". முதல் கட்டத்தில் பங்களாவைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். காலி செய்து எங்கே வைப்பது என்று எழுதவில்லை. வாரியக் கூட்டத்தில் நான் அதைத்தான் கேட்டேன், காக் என்னிடம் கேட்ட அதே கேள்வியை. நிரம்பி வழிகிற கிடங்கு, அதுவும் வெள்ளம் ஏறின கிடங்கு, அதில் இன்னும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளை எப்படித் திணிப்பது?

சின்ன வயதில் பதினைந்து எண் கட்டம் விளையாடியிருப்பீர்கள், பதினாறு கட்டத்தில் ஒன்று காலியாக இருக்கும், அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் நகரும். அருங்காட்சியக வளாகத் திட்டம் கிட்டத்தட்ட அதுதான். பத்து வருடம் கழித்து இந்த இடம் எப்படித் தெரியும் என்று படம் வரைவது சுலபம். எது முதலில் காலியாகிறது, அங்கே எது போகிறது, அது போனதால் காலியான இடத்தில் எந்த வேலை தொடங்குகிறது, எந்தக் கட்டத்திலும் எந்தப் பொருளும் இரண்டு முறைக்கு மேல் நகராமல் எப்படிப் பார்ப்பது, இதை எழுதுவதுதான் கஷ்டம். நானும் காக்கும் ஆறு வாரம் உட்கார்ந்து ஒரு நீளமான தாளில் அதை எழுதினோம். முதல் வரியிலேயே எங்களுக்குக் காலிக் கட்டம் ஒன்று தேவைப்பட்டது.

கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் ஒரு கிடங்கை வாடகைக்கு எடுக்கலாம் என்றார்கள். பார்த்தேன். தகரக் கூரை, மத்தியானத்தில் உள்ளே நிற்க முடியாது, ஒவ்வொரு பெட்டியும் பாலம் தாண்டிப் போய் பாலம் தாண்டி வர வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மூன்று கடைவீடுகளின் மேல்மாடியை முதலில் சரிசெய்து, நிரந்தரக் கிடங்காகவே ஆக்கிவிடலாம் என்று முடிவானது. தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது, வெள்ளம் தொடாது. ஆனால் பழைய மரப் பலகைத் தளம். சாதாரண அலுவலகத் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ தாங்கினால் போதும் என்று கணக்குப் போடுவார்கள். தண்டவாளத்தில் நகரும் அலமாரி வைத்துப் பேரேடும் பெட்டியுமாக அடுக்கினால் அதுபோல மூன்று, நான்கு மடங்கு வரும். ஆகவே கனமில்லாத துணி, மரச் சிற்பம், புகைப்படம் மேலே. கனமானவற்றுக்கு உள்ளே தனியாக இரும்புச் சட்டம் ஒன்று நிறுத்தி, பாரம் முழுவதையும் புது அடித்தளத்துக்கு இறக்கிவிட்டோம், பழைய சுவர் எதையும் தாங்கவில்லை. வேண்டாம் என்றால் நாளை போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம், கட்டடத்தில் ஒரு தழும்பும் இருக்காது. எனக்கு இந்த முழுத் திட்டத்திலும் ரொம்பப் பிடித்த வேலை அது.

அந்த அடித்தளத்துக்குக் குழி தோண்டியபோதும் இயந்திரம் வைக்கவில்லை, கையால்தான் தோண்டினோம். ஜார்ஜ்டவுனில் மண்ணுக்குக் கீழே என்ன இருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சியா போய் என்ற இடத்தில் பழைய பிராங்கின் கால்வாயின் கல் சுவர்கள் வெளிப்பட்டு, 2019-ல் அந்த இடமே தொல்லியல் பூங்காவாகத் திறந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் குழியில் வந்தது உடைந்த பீங்கானும் சிப்பியும்தான். இருந்தாலும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பதிந்து வைத்தோம்.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று வாரியத்தில் ஒருவர் கேட்டார். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் விமான, விண்வெளி அருங்காட்சியகம் 2018-ல் வேலை தொடங்கி, பாதிப் பாதியாகச் செய்தது. மேற்குப் பக்கம் 2022 அக்டோபரில் திறந்தது, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் வரிசையாக. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2003-ல் பிரதானக் கட்டடத்தை மூடி 2013 ஏப்ரலில்தான் திறந்தது. அங்கே தாமதத்துக்கு ஒரு காரணம் சைக்கிள். கட்டடத்தின் நடுவே ஊடுருவிப் போகிற வழியில் மக்கள் காலம் காலமாக சைக்கிள் ஓட்டுகிறார்கள், புது வரைபடம் அதை மாற்றப் பார்த்தது, சைக்கிள்காரர்கள் விடவில்லை, கடைசியில் வரைபடம்தான் மாறியது.

அதைப் படித்துவிட்டுத்தான் நான் எங்கள் பின்சந்தில் ஒரு வாரம் காலையிலும் சாயந்திரமும் போய் நின்றேன். யார் யார் அந்த வழியே போகிறார்கள்? பூக்கட்டுகிற அக்கா தள்ளுவண்டியோடு போகிறார். பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் எரிவாயு உருளை அந்த வழியாகத்தான் வருகிறது. ஆலோசகர்கள் அந்தச் சந்துக்குக் கேட் போட்டு மூடி, சரக்கு இறக்கும் இடமாக வரைந்திருந்தார்கள். மூடவில்லை. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை மட்டும் எங்கள் லாரி என்று அக்கம்பக்கத்தோடு பேசி முடித்தோம். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதமும் தங்க ரதமும் புறப்படுகிற அன்று எந்த லாரியும் கிடையாது. அது எங்கள் வேலை அட்டவணையில் முதலில் குறித்த தேதி. சீனப் புத்தாண்டுக்கு ஓடு போடுகிறவர்கள் இரண்டு வாரம் வர மாட்டார்கள், ஹரி ராயாவுக்கு மின் வேலைக்காரர்கள் ஊருக்குப் போவார்கள், இதையெல்லாம் குறிக்காமல் அட்டவணை போட்டால் அது இந்த ஊர் அட்டவணையே இல்லை.

சரி, சுவர். இதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பங்களாவின் கீழ்த்தளத்துச் சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து பொரிந்து உதிர்ந்துகொண்டே இருந்தது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு காண்ட்ராக்டர் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்டு பூசி, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருந்தார். பழைய செங்கல் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதைச் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியே விட்டுவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் போக வழி தேடி இன்னும் மேலே ஏறியது, போன இடமெல்லாம் உப்பை இழுத்துக்கொண்டு போனது. அதற்கு மேல் நாங்கள் உள்ளே ஏர்கானை 21 டிகிரியில் வைத்திருந்தோம். இங்கே வெளியே 29 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கிற ஒரு சாதாரண நாளில், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதிலும் தண்ணீர் வேர்க்கும். தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) கிளாஸின் வெளிப்பக்கம் எப்படி வேர்க்கிறதோ அதேதான் எங்கள் சுவருக்கும் நடந்தது, பெயிண்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல். மின்கட்டணம் மிச்சம் என்று ராத்திரி ஏர்கானை நிறுத்தியதில் இன்னும் மோசமாகியது. குளிர்ந்து கிடந்த அறைக்குள் ஈரக்காற்று புகுந்து, குளிர்ந்த பொருள்களின் மேலேயே படிந்தது.

கூட்டத்தில் இன்னும் பெரிய ஏர்கான் போடலாம் என்றார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம் போனோம். பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் கூடுகிற பிசோ குழு 2014-லேயே பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி, 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம், திடீர் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டது. அதனால் பங்களா முழுவதையும் குளிரவைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டோம். ஜன்னலும் தாழ்வாரமும் மின்விசிறியுமாக அது எப்படிக் கட்டப்பட்டதோ அப்படியே காற்று வாங்கட்டும். தாங்காத பொருளுக்கு மட்டும் இறுக்கமாக மூடுகிற கண்ணாடிப் பேழை, உள்ளே ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல். கிடங்கில் மட்டும் அறைக்குள் அறை, பழைய சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி.

சுவரின் சிமெண்டை உரிக்க நிபோங் திபாலிலிருந்து ஒரு கொத்தனார் அண்ணன் வந்தார். அப்பாவிடம் தொழில் கற்றவர். குழியில் ஊறிய சுண்ணாம்பை விரலால் தேய்த்துப் பார்த்து, "இது இன்னும் ரெண்டு மாசம் கெடக்கணும், இப்பப் பூசினா வெடிக்கும்" என்றார். அட்டவணையில் இரண்டு மாதம் தள்ளி வைத்தேன், மேலிடத்தில் கேட்டவர்களுக்குப் பதிலும் சொன்னேன். பூசிய பிறகு அவர் சுவருக்கு ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, அந்தக் காலத்தில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்ததைப் பற்றிச் சொன்னார். நான் ஃபர்குவார் ஸ்ட்ரீட் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைப் பற்றிச் சொன்னேன், இருநூறு வருடத்துக்கு முன்னால் இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உழைத்துக் கட்டியது அது. அவர் கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருந்தார். அப்புறம், "அப்ப அதுல நம்ம ஆளுங்க கை இருக்குன்னு சொல்லுங்க" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

தீ விஷயத்தில் நான் யாரோடும் விட்டுக்கொடுக்கவில்லை. பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2-ல் எரிந்தது, இரண்டு கோடிப் பொருள் வரை வைத்திருந்த இடம். கீழ்த்தளத்து அரங்கில் இருந்த ஏர்கானிலிருந்து தீ தொடங்கியதாகப் போலீஸ் விசாரணை சொன்னது. எங்கள் வளாகத்தில் எரிவாயு டார்ச் வைத்து உருக்கி ஒட்டும் தார் ஷீட் கிடையாது. வெல்டிங் என்றால் அன்று காலையில் கையெழுத்து வாங்க வேண்டும், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கிடையாது, முடிந்தபின் ஒரு மணி நேரம் ஓர் ஆள் தீயணைப்பானோடு அங்கேயே நிற்க வேண்டும். காண்ட்ராக்டர் இதனால் நாளுக்கு இரண்டு மணி நேரம் போகிறது என்றார். போகட்டும் என்றேன். அந்த இரண்டு மணி நேரத்துக்கான கூலியை டெண்டரிலேயே தனி வரியாகப் போட்டிருந்தோம். அப்படிப் போடாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

அனுமதிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். மாநகர் மன்றம், பாரம்பரியப் பிரிவு, போம்பா என்கிற தீயணைப்புத் துறை, மின்சாரம், எல்லாம் வாங்கி, கடைசியில் 2007-லிருந்து நடைமுறையில் இருக்கிற, கட்டடம் விதிப்படி முடிந்தது என்று சொல்லும் சி.சி.சி. சான்றிதழில் எங்கள் கட்டடக் கலைஞர் கையெழுத்துப் போட வேண்டும். நேரம் எடுக்கும், அவ்வளவுதான். முழுசாக வரைந்து கொண்டுபோனால் முழுசாகப் பதில் வருகிறது என்பது என் அனுபவம்.

காப்பிக் கடை விவகாரம்தான் கடைசிவரை இழுத்தது. பங்களாவின் பின்கட்டில்தான் வளாகத்திலேயே அகலமான கதவும் நேரான வழியும் இருந்தன. காப்பிக் கடைக்கு அருமையான இடம், மரத்து நிழல் வேறு. சரக்கு இறக்கவும் அதைவிட்டால் வேறு இடம் இல்லை. எங்களிடம் காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரம் ஒன்று இருக்கிறது, தமிழ் எழுத்து அடுக்கிக் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடித்தது, எழுநூறு கிலோ இருக்கும். பேச்சில் தீராது என்று தெரிந்ததும், எங்கள் தச்சரிடம் சொல்லி, அந்த இயந்திரமும் அதைத் தூக்கும் தள்ளுவண்டியும் சேர்ந்த அளவுக்குப் பலகையில் ஒரு கூடு செய்து சக்கரம் பூட்டினோம். வாரியத்தினரை ஒரு சனிக்கிழமை காலை வரச் சொல்லி, சந்திலிருந்து கிடங்கு வரைக்கும் வரைபடத்தில் காட்டிய பாதையைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் கூட்டைத் தள்ளச் சொன்னோம். காப்பிக் கடை இருக்கும் வரைபடத்தின்படி போனபோது, மூன்றாவது திருப்பத்தில் தூணில் இடித்து நின்றுவிட்டது. முன்னே போகவும் முடியவில்லை, பின்னே எடுக்கவும் முடியவில்லை. நான்கு சென்டிமீட்டர்தான் குறைச்சல். வாரியத் தலைவர், எழுபது வயதுக்காரர், தானே குனிந்து டேப் பிடித்து அளந்து பார்த்தார். நிமிர்ந்து, "காப்பியை முன்பக்கம் கொண்டு போங்க" என்றார். பின்கட்டு எங்களுக்கு வந்தது. அன்றே தரைமூடிகளையும் பார்த்தோம். கூட்டின் சக்கரம் ஏறிய ஒரு கால்வாய் மூடி நடுங்கியது, அதையும் கனமானதாக மாற்றினோம். மரத்தின் வேர் தூக்கியிருந்த இடத்தில் வேரை வெட்டாமல் பாதையை அரை மீட்டர் வளைத்தோம்.

கிடங்கு முதலில், பங்களா அடுத்து, முன்வாசல் கடைசி. அதனால்தான் ரோட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு இத்தனை வருடமாக ஒன்றுமே நடக்காதது போலத் தெரிகிறது. பின்னால் எல்லாச் சாக்கடை வாயும் அடைத்தாகிவிட்டது, திறந்து இருக்க வேண்டிய இரண்டில் வால்வு இருக்கிறது, மாதம் ஒரு முறை நானே மூடியைத் தூக்கிக் கையை விட்டு அசைத்துப் பார்க்கிறேன். பங்களாச் சுவரில் விரிசலின் மேல் ஒட்டிய அளவுச் சில்லுகள் பதினாறு மாதமாக ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை.

அடுத்த வாரம் பேரேடுகள் மேலே போகின்றன. பதினான்கு பெட்டி, ஆளுக்கு ஒரு பெட்டி, மாடிப்படியில் வேண்டாம், லிப்டில்தான். ஒட்டிப்போன மூன்றும் தனிப் பெட்டியில், அலமாரியின் நடுத்தட்டில், எப்போதாவது யாராவது திறக்கிற வழி கண்டுபிடிப்பார்கள் என்று. ஃப்ரீசர் கொடுத்த பாயை அன்று வரச் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறார். வானிலை அறிக்கை புதன்கிழமை காலை மழை இல்லை என்கிறது. எட்டரைக்குத் தொடங்குகிறோம்.